பன்னிரண்டாவது கேடயம்

லிண்டன்ரோடெ மடத்துப் புத்தகத்தில் எங்கள் ஃப்ரொய்லைன் அடெல்குண்டெயைப் பற்றி நான்கே வரிகள்தான் இருக்கின்றன. பிறந்தது, மடத்தில் சேர்ந்தது, இறந்தது, அடக்கம் செய்தது. எழுத்தரைப் பிடித்து வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நான்கில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். முப்பத்துநான்கு வருஷம் அவருடைய கூந்தலைச் சீவி முடிந்துவிட்டவள் நான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் வாய் இருக்கிறது.

மடம் என்றதும் தலையை மழித்துக்கொண்ட கன்னியரை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்களுடையது லூத்தர் வேதம். இங்கே இருப்பவர்கள் கல்யாணம் ஆகாத பிரபுவீட்டுப் பெண்கள். ஃப்ரொய்லைன் என்றுதான் அவர்களைக் கூப்பிடுவோம். அப்பா செத்ததும் நிலம் அண்ணன் தம்பிக்கோ சித்தப்பா மகனுக்கோ போய்விடும். பெண்ணுக்கு வருவது ஒரு பெட்டியும் ஒரு கும்பிடும். அப்படிப்பட்ட பன்னிரண்டு பேருக்கு இங்கே பன்னிரண்டு அறைகள் உண்டு. கம்பு ரொட்டி, விறகு, கோயிலில் உட்கார ஓர் இடம், தோளில் நீல நாடாவில் தொங்கும் ஒரு வெள்ளைச் சிலுவை, எல்லாம் சாகும்வரை. நிபந்தனை ஒன்றுதான். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் நாலு தலைமுறை மேலே போனால் பதினாறு பேர் வருவார்கள் அல்லவா, அந்தப் பதினாறு பேரும் பிரபு குலமாக இருக்க வேண்டும். பதினாறு குலத்தின் சின்னம் போட்ட கேடயங்களையும் ஒரு பலகையில் வரைந்து கொண்டுவர வேண்டும். இரண்டு பிரபுக்கள் அதன் முன்னால் நின்று விரலை உயர்த்தி, இது உண்மை என்று சத்தியம் செய்ய வேண்டும். பிறகு அந்தப் பலகை கோயில் சுவரில் ஏறிவிடும்.

அடெல்குண்டெ ஃபொன் ஸ்ட்ரெல்லின் இங்கே வந்தது பதினெட்டு வயதில். அப்பா போர் தொடங்கிய வருஷமே குண்டடிபட்டுச் செத்தார். பெரியப்பா மகன் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வைக்கோல் அறுப்புக்கு முன்னால் அறைகளைக் காலி செய்தால் நல்லது என்றான். கூடவே ஒரு வண்டியும் என்னையும் கொடுத்தான். நான் அந்த வீட்டுப் பால்காரியின் மகள், அப்போது பதினாறு வயது. வண்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னான். என்னைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை.

பலகையைச் சுவரில் ஏற்றிய அன்று ஃப்ரொய்லைன் என்னை அதன் முன்னால் நிறுத்தி ஒவ்வொன்றாகக் காட்டினார். எழுத்து தெரியாதவளுக்குப் படம் மனதில் ஒட்டிக்கொள்ளும். சிவப்புப் பன்றி, பாதி நிலா, நாக்கை நீட்டும் கரடி என்று எல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. பதினோராவது கேடயத்தில் மூன்று காக்கைகள். அது யோப்ஸ்ட் ஃபொன் காட்டென், அம்மாவின் வழியில் கொள்ளுத்தாத்தாவுக்கும் அப்பா. பன்னிரண்டாவது அவர் மனைவி ஆன்னா ஃபொன் டெர் மூலன். அதில் ஓர் ஆலைச் சக்கரம். பதினாறில் எனக்குப் பிடித்தது அதுதான். மற்றதெல்லாம் கடிக்கிற ஜந்து, அது ஒன்றுதான் வேலை செய்கிற பொருள்.

இங்கே 'ஃபொன்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. இன்ன இடத்திலிருந்து வந்தவர் என்பதுதான் அதற்கு அர்த்தம். பிரபுவின் பெயருக்கு நடுவே வந்தால் ஊரே குனிந்து கும்பிடும். மற்றவர் பெயரில் வந்தால் வெறும் விலாசம். என்னைக்கூட ஊரில் 'குளத்தங்கரையிலிருந்து இல்ஸாபெ' என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்காக யாரும் எனக்குக் கேடயம் வரைந்துவிடவில்லை.

ஃப்ரொய்லைன் நல்லவர்தான், ஆனால் சேர்ந்து பழகச் சுலபமானவர் இல்லை. மடத்தில் யார் முதலில் வந்து சேர்ந்தாரோ அவர்தான் வாசலில் முதலில் நுழைய வேண்டும். ஒரே நாளில் சேர்ந்த இரண்டு பேர் இதற்காக ஒரு மாதம் சாப்பாட்டு அறைப் பக்கமே வராமல், சாப்பாட்டை மேலே கொண்டுவரச் சொல்லி எங்கள் முட்டியைத் தேய்த்தார்கள். அந்தச் சண்டையைத் தீர்த்துவைத்தது அடெல்குண்டெதான். யார் பலகை சுவரில் முதலில் ஏறியது என்று ஆணியின் துருவைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து கேடயம், வம்சம் என்று எது வந்தாலும் அவரிடம்தான் போகும். முப்பது வயதிலேயே புதிதாக வருகிறவர்களின் பலகையைச் சரிபார்க்கும் வேலை அவர் கைக்கு வந்துவிட்டது. கண்ணாடியை மூக்கில் வைத்து, குனிந்து, சித்திரத்தை ஏறக்குறைய முகர்ந்து பார்ப்பார். மூன்று பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதில் ஒருத்தியின் கொள்ளுப்பாட்டி கம்பளி வியாபாரியின் மகள். வியாபாரி பிரபுப் பட்டத்தைப் பிற்பாடு வாங்கிக்கொண்டவர். "கம்பளி வாசனை ரெண்டு தலைமுறைல போகாது" என்றார் ஃப்ரொய்லைன். மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். சமையற்காரி என்னிடம், உங்க ஃப்ரொய்லைனுக்கு மூக்கா அது, வேட்டை நாய்க்குக் கடன் கொடுக்கலாமே என்றாள். நானும் சிரித்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இப்படி அவருக்கு நாற்பத்தொன்றாகிவிட்டது. அந்த நவம்பரில் ஓர் அறை காலியானது. அதற்கு வந்தவள்தான் ஒட்டிலீ ஃபொன் ப்ராமோ.

பதினெட்டு வயது. கறுப்புச் சாயம் ஏற்றிய பழைய உடுப்பு. அது முன்பு பச்சையாக இருந்தது என்பது தையல் ஓரத்தில் தெரிந்தது. அம்மா அப்பா இருவரும் ஒரே குளிர்காலத்தில் போய்விட்டார்கள். தூரத்து உறவில் ஒரு கிழவர் கார்டியனாக இருந்து பலகையோடு அவளை அனுப்பியிருந்தார். துணைக்கு ஆள் இல்லை. பலகையைத் தானே நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

மடத்துப் பெண்கள் நீண்ட மேசையின் ஒரு பக்கம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவியம்மா, அவருக்குப் பக்கத்தில் அடெல்குண்டெ. எதிர்ப்பக்கம் அந்தப் பெண் நின்றாள். நான் ஃப்ரொய்லைனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். கால் சூட்டுப் பெட்டியில் கனல் தணிந்தால் மாற்றுவது என் வேலை. பலகையை மேசையில் சாய்த்து வைத்ததும் வரிசை முழுக்க ஒரு சலசலப்பு. பதினைந்து கேடயங்களில் வண்ணம் இருந்தது. ஒன்று வெறும் வெள்ளை.

அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் மூன்று காக்கைகள்.

எனக்கு எழுத்து தெரியாது என்றேன். காக்கை தெரியும். என் ஃப்ரொய்லைனின் முதுகு நிமிர்வதையும் பார்த்தேன்.

எழுத்தர் கார்டியனின் கடிதத்தை வாசித்தார். பதினாறில் ஒன்று மட்டும் குறைகிறது. யோப்ஸ்ட் ஃபொன் காட்டென் கட்டிக்கொண்ட ஆன்னா பிரபு குலத்தவள் இல்லை. ஒரு குறையை மடம் முழுவதும் ஒரே மனதாக மன்னித்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று பழைய விதி ஒன்று உண்டு. அநாதைப் பெண்ணுக்காக அதைக் கேட்டுக்கொள்கிறேன். இவ்வளவுதான் கடிதம். அந்த விதி உண்மைதான். ஒரு முறை அப்படி நடந்தும் இருக்கிறது.

தலைவியம்மா கொஞ்சம் இரக்கமான குரலில், அந்த ஆன்னா யார் என்று கேட்டார்.

"மாவாலைக்காரரோட பொண்ணுங்க" என்றாள் ஒட்டிலீ. "கால்டென்பாஹ் ஓடையில இருக்கிற ஆலை."

வரிசையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். விவசாயி மகள் என்றாலாவது முகம் சுளிப்பதோடு விட்டிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஆலைக்காரன் என்றால் மாவு திருடுகிறவன், கௌரவமில்லாத தொழில். அவர்கள் பிள்ளைகளைத் தச்சர் சங்கம்கூடச் சேர்க்காத காலம் அது.

"பலகைல ஏன் காலியா விட்ருக்கு?" என்று கேட்டார் தலைவியம்மா. "ஓவியர்கிட்ட சொல்லி ஏதாவது வரைஞ்சிருக்கலாமே."

"அவரே சொன்னாருங்க. பாதிரியார் புத்தகத்துல 'ஆன்னா ஃபொன் டெர் மூலன்'னுதான் எழுதியிருக்கு. ஆலைல இருந்து வந்த ஆன்னான்னு அவர் எழுதினது. ஓவியர் அதைப் பாத்துட்டு, இதே பேர்ல ஒரு பிரபு வம்சம் இருந்துச்சு, அழிஞ்சுபோச்சு, சக்கரம் போட்ட கேடயம், அதைப் போட்டுடலாம், கேக்க ஆள் இல்லன்னாரு." அவள் அந்த வெள்ளைக் கேடயத்தை விரலால் தொட்டாள். "எங்கப்பா ஒத்துக்கல. அங்க ஒண்ணும் இல்ல, அதனால ஒண்ணும் வரைய வேண்டாம்னுட்டாரு."

எல்லாருடைய கண்ணும் பலகைமேல் இருந்தது. ஃப்ரொய்லைன் மட்டும் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை இருபத்துமூன்று வருஷமாக நான் கழுவித் துடைத்திருக்கிறேன், அப்படி ஒரு பயத்தை அதில் பார்த்ததில்லை. அவர் கேட்காமலே என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் பலகையிலும் அதே ஆன்னாதான் இருக்கிறாள், என் அப்பாவுக்கு 'ஃபொன்' என்ற சொல் புரியவில்லை, நான் இங்கே இருபத்துமூன்று வருஷம் இருந்துவிட்டேன், இந்தப் பெண்ணும் இருக்கட்டும் என்று சொல்லலாம். மன்னித்தாலும் மன்னிப்பார்கள். இருவரையும் சேர்த்து வெளியே அனுப்பினாலும் அனுப்புவார்கள். அனுப்பினால் எங்கே போவோம்? பெரியப்பா மகன் வீட்டுக்கா?

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று. லேசாகத்தான்.

அவர் திரும்பிக்கொண்டார். கண்ணாடியை எடுத்து மூக்கில் வைத்தார், பலகையின்மேல் குனிந்தார். முகர்ந்து பார்க்கவில்லை. ஒரு கேடயம் குறைவு, விதிப்படி இல்லை என்றார். அவர் முதலில் கையெழுத்துப் போட்டார், மற்றவர்கள் வரிசையாகப் போட்டார்கள். ஒட்டிலீ ஃபொன் ப்ராமோ பலகையைத் திரும்ப எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எல்லாருக்கும் முறையாக முழங்கால் மடக்கி வணங்கிவிட்டுப் படியிறங்கினாள். கீழே நின்ற வண்டியில் உட்கார வைக்கோல்கூட இல்லை.

அன்று மாலையிலிருந்து ஃப்ரொய்லைன் சாப்பிடவில்லை. காலையில் பீர் கஞ்சி கொண்டுபோனால் மேலே ஏடு படியும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். பழைய பெட்டியிலிருந்து தன் அப்பா வாங்கி வைத்த பாதிரியார் புத்தகத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் பெயரை விரலால் தடவினார். ஆன்னா, ஃபொன் டெர், மூலன். இத்தனை பேரின் எழுத்தைச் சல்லடை போட்ட கண்ணுக்கு, தன் வீட்டுக் காகிதத்தில் ஒரு விலாசம் மகுடமாகத் தெரிந்திருக்கிறது. அவர் பொய் சொன்னவர் இல்லை. மற்றவர்களைத் தேடியதுபோலத் தன்னை ஒருநாளும் தேடவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் கூந்தலைச் சீவும்போது கையை மூக்கருகே கொண்டுபோய்ச் சட்டைக் கையை முகர்ந்தார்.

"இல்ஸாபெ, மாவு வாசனை வருதா?"

நான் சீப்பை மறுபடி உச்சியிலிருந்து இழுத்தேன். சிரித்திருக்கலாம், அழுதிருக்கலாம். இரண்டும் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நீல நாடாவைக் கழற்றிக் கையில் சுருட்டி எடுத்துக்கொண்டு தலைவியம்மாவின் அறைக்குப் போனார். என்னையும் கூட வரச் சொன்னார். சாட்சிக்கா துணைக்கா என்று தெரியவில்லை. நாடாவை மேசையில் வைத்து, நகலை அதன்மேல் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். ஒரு சொல்லும் விழுங்கவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. கூடவே, எதை எதை மூட்டை கட்ட வேண்டும் என்று மனதில் எண்ணத் தொடங்கினேன்.

தலைவியம்மாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது, தடித்த உடம்பு, எதற்கும் அவசரப்படமாட்டார். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அன்னிக்கே எனக்குத் தெரியும், பொண்ணே. கோயில்ல தினமும் உன் பலகைக்குக் கீழதான் நான் உக்கார்றேன். சக்கரத்தை எனக்குத் தெரியாதா?"

ஃப்ரொய்லைன் ஓரடி முன்னால் வந்தார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லல. எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. அந்த அறையை நேத்தே வேற பொண்ணுக்குன்னு எழுதி அனுப்பிட்டேன். இப்ப வந்து சொல்ற."

"ஆனா ரெண்டும் ஒரே ஆன்னா."

"உனக்கு ரெண்டு பேர் சத்தியம் பண்ணாங்க. ஒருத்தர் செத்துட்டார், ஒருத்தர் படுக்கைல இருக்கார். செத்தவரைப் பொய்ச்சத்தியக்காரர் ஆக்கணுமா? உன் ஆன்னா பிரபுவீட்டுப் பொண்ணு, சத்தியம் இருக்கு. அந்தப் பொண்ணோட ஆன்னா ஆலைக்காரி, கையெழுத்து இருக்கு. மடத்துக்கு ரெண்டு ஆன்னா. நாடாவை எடுத்துக் கட்டிக்கோ, காப்பி குடி."

அவர் எடுத்துக் கட்டிக்கொண்டார். காப்பியும் குடித்தார். அதைத்தான் நான் சொல்ல வந்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே போயிருக்கலாம். போகவில்லை. அந்த மடத்திலேயே இன்னும் பதினோரு வருஷம் இருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பல மாதம் தலையைச் சீவும்போது வலிக்கும்படி இழுத்திருக்கிறேன். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அன்று அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது எனக்கு மூச்சு வந்தது. என் படுக்கையும் போகவில்லை, விறகும் போகவில்லை. அவர் தங்கியதில் எனக்கும் பங்கு உண்டு. அந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான்.

அதன்பிறகு பலகை சரிபார்க்கும் வேலையை விட்டுவிட்டார். கண் மங்கிவிட்டது என்று சொன்னார். அது பொய், ஊசியில் எனக்கு நூல் கோத்துக் கொடுத்தது அவர்தான். ஒட்டிலீ ஊருக்குள் ஒரு வியாபாரியின் விதவைக்குத் துணைக்காரியாகப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டார். விதவைக்கு வாசித்துக் காட்ட வேண்டும், நாய்களை நடக்கக் கூட்டிப்போக வேண்டும், சாப்பாட்டு மேசையில் கடைசியில் உட்கார வேண்டும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கு முன்னாலும் ஃப்ரொய்லைன் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினார். தபால் வண்டியில் கொடுக்கப் போனவள் நான்தான். பதினோரு கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை.

ஒரு கோடையில் வண்டி ஏற்பாடு செய்யச் சொன்னார், கால்டென்பாஹ் ஓடைக்குப் போகலாம் என்றார். அரை நாள் பயணம். ஆலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரம் பாசி பிடித்துப் பெரிதாக இருந்தது, கேடயத்தில் இருந்ததைவிட அழகு. ஆலைக்காரன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். அவன் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஃப்ரொய்லைன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃப்ரொய்லைனின் அதே நீண்ட மூக்கு, எனக்கே சிரிப்பு வந்தது.

முன்பு இந்த வீட்டில் ஆன்னா என்று ஒருத்தி இருந்தாளாமே என்று தொடங்கினார்.

"ஆமாங்க" என்றான் ஆலைக்காரன். "எங்க தாத்தாவுக்கும் மேல. பிரபு ஒருத்தரைக் கட்டிக்கிட்டுப் போனாளாம். போனவ இந்தப் பக்கம் திரும்பியே பாக்கலயாம். பெரிய எடம் பாருங்க."

"பாக்க விட்டிருக்க மாட்டாங்க" என்றார் ஃப்ரொய்லைன்.

அடுத்த வாக்கியம் அவர் தொண்டைவரை வந்ததை நான் பார்த்தேன். நான் இந்த முறை தலையை ஆட்டவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவரே முடிவு செய்யட்டும் என்று. ஆலைக்காரன் தொப்பியை நசுக்கிக்கொண்டு, சீமாட்டிக்கு வேறு என்ன வேண்டும் என்று காத்திருந்தான். கடைசியில் ஃப்ரொய்லைன், மாவு நல்ல வெள்ளையாக இருக்கிறது என்றார். ஒரு சிறு பை கொடுத்தான். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பைக்குள் கையை விட்டுக்கொண்டே வந்தார். ஆலையிலேயே சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

ஐம்பத்திரண்டாவது வயதில் நெஞ்சில் சளி கட்டி, மார்ச் மாதத்தில் போய்ச் சேர்ந்தார். சாவதற்கு ஒரு வாரம் முன்னால் கட்டிலுக்கடியிலிருந்த தட்டைப் பெட்டியை எடுக்கச் சொன்னார். மடத்தில் யார் இறந்தாலும் சவப்பெட்டியின் இரண்டு பக்கமும் எட்டு எட்டாகப் பதினாறு கேடயங்களை அடிப்பார்கள். அதற்காக மெல்லிய தகரத்தில் வரைந்தவை அவை. ஒவ்வொருவரும் முன்கூட்டியே தயாராக வைத்திருப்பார்கள். அவர் பெட்டியைத் தடவி, அந்த ஒன்றை மட்டும் எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இது மட்டும் போதும், இல்ஸாபெ. மத்ததெல்லாம் கொல்லைப்பக்கத்து ஓடையில போடு."

போட்டேன். அவர் உயிரோடு இருக்கும்போதே போட்டுவிட்டு வந்து சொன்னேன். சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது.

அடக்கத்தன்று காலை தலைவியம்மா கைத்தடியோடு வந்து சவப்பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். நடுவில் ஒரே ஒரு சக்கரம். மற்ற பதினைந்து எங்கே என்று கேட்டார். ஓடையில் என்றேன். எண்பதை நெருங்கும் கிழவி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் நின்றார். நேரம் இல்லை, துக்கத்துக்கு வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். பெரியப்பா மகன் வரவில்லை, மூட்டுவலி என்று கடிதம் எழுதியிருந்தான். சவப்பெட்டிக்குப் பின்னால் முதலில் நடக்க வேண்டியது ரத்த உறவு. உறவு இல்லாததால் அந்த இடத்தில் யார் நடப்பது என்று வழக்கம்போல ஒரு முணுமுணுப்புக் கிளம்பியது.

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். இருபத்தொன்பது வயது, இன்னும் கறுப்பு உடுப்புதான், ஆனால் இது கறுப்பாகவே தைத்தது. கதவோரம் நின்று அந்தக் கேடயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர்களில் ஒருவர், இது எந்தக் குலம் என்று கேட்டார். ஃபொன் டெர் மூலன், பழைய வம்சம், அழிந்துவிட்டது என்று தலைவியம்மா தளராத குரலில் சொன்னார்.

"அழியலங்க" என்றாள் ஒட்டிலீ. உரக்கச் சொல்லவில்லை, ஆனால் கல் தரை எல்லாருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. "அது மாவாலை ஆன்னாவோட சக்கரம். எனக்கும் அவதான் பாட்டி. நான் இவங்க சொந்தக்காரி."

தலைவியம்மா கைத்தடியால் தரையைக் காட்டினார், சவப்பெட்டிக்குப் பின்னால் முதல் இடத்தை. ஒட்டிலீ வந்து அங்கே நின்றாள். அவளுக்கு ஓரடி பின்னால், வேலைக்காரியின் இடத்தில் நான்.

கல்லறைக்குப் போகும் வழியில் சேறு. மெதுவாகத்தான் நடந்தோம். கடிதங்களை அவள் பிரிக்கவே இல்லையாம். செய்தி கேட்ட அன்று பதினொன்றையும் ஒரே மூச்சில் வாசித்ததாகச் சொன்னாள். எல்லாவற்றிலும் அதே விஷயம்தான், இருவருக்கும் ஒரே ஆன்னாதான் என்று, முதல் வரியிலேயே, என்றாள். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கு அவங்க சொல்ல இருந்தாங்க" என்றேன். "என்னைத் திரும்பிப் பாத்தாங்க. நான்தான் வேண்டாம்னு தலையை ஆட்டினேன்."

ஒட்டிலீ நடையை நிறுத்தவில்லை.

"பாத்தேன்" என்றாள். "நான் எதுத்தாப்லதான நின்னேன். நீங்க தலையை ஆட்டினது என்னைப் பாத்துன்னு நெனச்சேன். வேலைக்காரிக்குக்கூட என்னைப் பிடிக்கலன்னு. பதினோரு வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

நான் நின்றுவிட்டேன். முன்னால் சவப்பெட்டி போய்க்கொண்டிருந்தது. அவள் நின்று, நான் வந்து சேரும்வரை காத்திருந்தாள். பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம்.